அரிசி டின்னுக்குள் முப்பத்தாறு படம்

மகன்,

ஸலாம் சொல்லாமல் தொடங்கினால் பேனையைக் கீழே வைத்துவிடுவேன் என்று ராத்தா சொல்கிறாள். ஆகையால் முதலில் உனக்கு என் ஸலாம். அது முடிந்தது. இனி ஏச்சு. நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகள், உன் ராத்தா, எழுதுகிறாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் கையெழுத்தைப் பார்த்து நண்டு நடந்த தடம் என்று நீ சின்ன வயதில் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்த நண்டுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. கெட்ட வார்த்தைகளை ராத்தா விட்டுவிட்டு எழுதுகிறாளாம். அதனால் எந்த இடத்தில் மரியாதையாக ஒரு வசனம் வருகிறதோ, அந்த இடத்தில் நான் உன்னை நன்றாக ஏசியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பால்மா டின் இருக்கிறது. அதற்குள் அரிசி. அரிசிக்குள் ஒரு ஃபிலிம் சுருள். கழுவாத சுருள். இருபத்தைந்து வருடமாக அங்கே கிடக்கிறது. அதற்குள் உன் உம்மாவின் படங்கள் இருக்கின்றன. அதை உன்னிடம் தருவதா, இல்லை என் மீன் போட்டில் கொண்டுபோய்க் களப்புத் தண்ணீரில் போட்டுவிடுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான்.

இந்த இடத்தில் ராத்தா எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனையை மூடி வைத்தாள். பிறகு, "அப்ப அது நேர்ச்சை அரிசி இல்லயா வாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒவ்வொரு நோன்புக்கு முன்னும் நான் அந்த டின்னில் அரிசி மாற்றுவதைப் பார்த்து, வாப்பா ஏதோ நேர்ச்சை வைத்திருக்கிறார், கேட்டால் பலிக்காது என்று இத்தனை வருடமும் கேட்காமல் இருந்திருக்கிறாள் பாவம். உப்புக் காற்று படாமல் இருக்கத்தான் அரிசி. "நானும் பாக்கலாமா?" என்று கேட்டாள். நீ பொம்பளைப் பிள்ளை, உனக்கு என்ன தடை என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேனையை எடுத்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் மை கலங்கியிருந்தால் அது என்னால் இல்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். ரத்தத்தில் இருக்கிற சீனி வருத்தம் என் கண்ணுக்குள் ஏறிவிட்டது. இடது கண் முடிந்தது, ராத்தாவின் மகன் என் இடது பக்கமாக வந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறான், எனக்குத் தெரிவதில்லை. வலது கண்ணின் பின்னால் ரத்தம் கசிகிறதாம். ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டாலும் இந்த வருடம் தாண்டினால் உறுதி சொல்ல முடியாது என்று கண் டொக்டர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். பார்க்க ஆசைப்பட்டது ஏதாவது இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மக்கா என்று சொல்வேன் என்று நினைத்திருப்பார். எனக்கு டின்தான் ஞாபகம் வந்தது.

சரி. இனி உன் கமராவுக்கு வருகிறேன்.

கட்டாரில் குளிரூட்டி பூட்டும் கொம்பனியில் வேலை செய்கிறாய், நல்ல சம்பளம், அல்லாஹ் தந்தான். அதைக் கொண்டுபோய் ஒரு சவர்க்காரக் கட்டி அளவுள்ள பழைய கமராவில் கொட்டியிருக்கிறாய். நீ பிறந்த காலத்துச் சாமான் அது. அந்த விலைக்கு எனக்கு ஒரு நல்ல போட் எஞ்சின் வந்திருக்கும். நீ வாய்ஸ் அனுப்பினாய்: "வாப்பா, இது பிளாஸ்டிக் இல்ல, டைட்டானியம். கையில எடுத்தா ஒரு கனம் ஈக்கி. லென்ஸ் தானா வெளிய வரும், படம் எடுத்தவுடன தானாச் சுத்திக்கும். பொக்கட்டுல போட்டுக்கிட்டுப் போகலாம்." என் நங்கூரத்துக்கும் ஒரு கனம் இருக்கிறது மகன். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான் யாருக்கும் வாய்ஸ் அனுப்பியதில்லை.

முதல் கமரா மூன்றே மாதத்தில் செத்துவிட்டது. மேலே எண் காட்டும் சின்னக் கண்ணாடி கறுத்துப்போனதாம், உள்ளே இருக்கும் சில்லு எரிந்துபோனதாம், உலகத்தில் எங்கேயும் அதற்குச் சாமான் இல்லையாம். நீ என்ன செய்தாய்? மரியாதையாக அடக்கிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாயா? அதே மாதிரி இன்னொன்று வாங்கினாய். என் போட்டின் எஞ்சினுக்கு உன் வயதை விட அதிக வயது. கார்புரேட்டர் போனால் கற்பிட்டியில் நாலு கடையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் தகரத்தை வெட்டி நானே அடித்துப் பூட்டுவேன். திருத்த முடியாத சாமானைத் தெரிந்துகொண்டே வாங்குகிறவனை எங்கள் கரையில் மோடன் என்று சொல்வார்கள். உங்கள் ஊரில் கலெக்டர் என்று சொல்வார்களாம். ராத்தாவின் மகன்தான் சொன்னான். பொருள் சேர்க்கிறவனுக்கு அந்தப் பேராம். நான் அரசாங்கக் கச்சேரியில் இருக்கும் பெரிய ஐயா என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன்.

முப்பத்தாறு படம்தான் இருப்பதால் யோசித்து யோசித்து எடுப்போம் வாப்பா, அதுதான் இதன் அழகு என்றாய். யோசித்து எடுத்த படங்களை அனுப்பினாய். ஒரு கோப்பிக் கோப்பை. ஒரு தண்ணீர்க் குழாய். சுவரோரம் ஒரு வெற்றுக் கதிரை. உன் சப்பாத்து. எல்லாம் மஞ்சள் பூத்து, காமாலை வந்த மாதிரி. ராத்தா கைபேசியை என் வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இருக்கிற பார்வையை நான் சிக்கனமாகச் செலவழிக்கிற காலத்தில் உன் சப்பாத்தைப் பார்த்தேன் மகன். அந்தக் கதிரையில் யார் இருந்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, அந்த வெளிச்சம் பிடித்தது என்றாய். கட்டாரில் ஒரு மனிதன்கூட இல்லையா?

உன்னை மட்டும் சொல்லக் கூடாது. ஆலங்குடாவில் பட்டம் பூட்டிக் கடலில் சறுக்க வருகிற கூட்டத்திலும் இந்த வருத்தம் பரவியிருக்கிறது. போன காற்றுக் காலத்தில் ஒரு பெண் வந்தது. வெள்ளைக்காரி இல்லை, நம் கொழும்புப் பிள்ளைதான். கழுத்தில் உன்னுடையதைப் போலவே ஒரு சவர்க்காரக் கட்டி. டொல்பின் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். டொல்பின் வந்து பக்கத்தில் துள்ளியது, அந்தப் பிள்ளை திரும்பியும் பார்க்கவில்லை. ஃபிலிம் கொஞ்சம்தான் மிச்சமாம். கரைக்குத் திரும்பும்போது என்னைப் பார்த்து, அங்கிள், எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு தூரமாகப் பாருங்கள் என்றது. நான் துடுப்பைக் கைவிட்டு முப்பது வருடம். சரி, குழந்தை கேட்கிறது என்று துடுப்பை எடுத்து, கோழி திருடினவன் மாதிரித் தூரமாகப் பார்த்தேன். சின்னச் சத்தம் ஒன்று. பிறகு கிர்ர் என்று ஒரு சத்தம். படத்தை அனுப்புகிறேன் என்று நம்பரும் வாங்கிக்கொண்டு போனது. இன்றுவரை வரவில்லை. என் பொய் முகம் எந்த வீட்டுச் சுவரில் தூரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ.

அந்தக் கிர்ர் சத்தம்தான் எனக்குப் பகை. நீ உன் கமராவைக் காட்டி முதல் வீடியோ அனுப்பியபோதும் அதே சத்தம் வந்தது. நான் கைபேசியை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். நான்கு நாள் உனக்குப் பதில் சொல்லவில்லை. வாப்பாவுக்கு விலை கேட்டுக் கோபம் என்று ராத்தா உன்னிடம் சொன்னாளாம். விலைக்கும் கோபம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சத்தத்தை நான் உனக்கு முன்னாலேயே கேட்டவன்.

உனக்கு ஐந்து வயது. களப்பில் கடற்பசு இருக்கிறதா என்று ஆராய ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். மூன்று மாதம் என் போட்தான் அவருக்கு. மூன்று மாதத்தில் ஒரு கடற்பசுவையும் காணவில்லை, என்னைத்தான் தினமும் கண்டார். அவரிடம் ஒரு சின்னக் கமரா இருந்தது, உன்னுடையதைப் போலச் சாம்பல் நிறம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் அவருக்கு வேலை இல்லை. புதுச் சுருள் ஒன்றைப் போட்டு என் கையில் தந்து, இன்று உன் வீட்டுக்காரியைப் படம் எடு, நாளைக்குக் கமராவைத் திருப்பித் தா, சுருள் உனக்குப் பெருநாள் பரிசு என்றார். எங்கே அழுத்துவது என்று மட்டும்தான் காட்டினார்.

உன் உம்மாவுக்குப் படம் என்றாலே ஆகாது. அடையாள அட்டைக்குப் போனபோதுகூடக் கண்ணை மூடி மூடி மூன்று தடவை எடுக்க வைத்தாள். நான் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. போட்டில் உச்சமுனைக்கு ஒரு சுற்றுப் போய் வருவோம் என்று கூப்பிட்டேன். ராத்தாவுக்குச் சாச்சி வீட்டில் வேலை இருந்தது. (இருக்கவில்லை, அவளை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று இங்கே ஒருத்தி முணுமுணுக்கிறாள்.) நீ ஏறின உடனேயே போட்டின் அடியில் சாக்கின் மேல் படுத்துத் தூங்கிவிட்டாய். நடுக் களப்பில் எஞ்சினை நிறுத்தினேன். நாலு பக்கமும் ஆள் இல்லை. கமராவை வெளியே எடுத்தேன். மூக்கு நீண்ட மாதிரி லென்ஸ் வெளியே வந்தது. உன் உம்மா பயந்து பின்னுக்குச் சாய்ந்தாள். அழுத்தினேன். கிர்ர் என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்ன, கெவுளி மாதிரிக் கத்துது" என்றாள். திரும்ப அழுத்தினேன், திரும்பச் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் சிரித்தாள், எனக்கில்லை. அப்போது காற்று வந்து அவள் முக்காட்டைத் தூக்கித் தண்ணீரில் போட்டது. அவள் அதை எட்டிப் பிடிக்கப் போனாள், பின்னல் அவிழ்ந்து முடி முழுவதும் முகத்தில். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே உட்கார்ந்துகொண்டாள். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடத்தில் வெயிலில் அவள் முடியை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கமரா தானாகச் சுருட்டிக்கொண்டு நிற்கும்வரை எடுத்தேன்.

திரும்பி வரும்போது கேட்டாள்.

"இத ஆரு கழுவுற?"

"புத்தளத்துல ஸ்டூடியோல குடுக்கணும்."

"கழுவுறது ஆம்பளயா?"

"ஓம், பின்ன?"

"அப்ப வேணாம். நீங்க கழுவப் படிச்சு, நீங்களே கழுவுங்க. அதுவரைக்கும் இருக்கட்டும்."

படிக்கிறேன் என்று சொன்னேன். பெருநாள் சந்தோஷத்தில் சொன்னது. மீன் கழுவத் தெரிந்தவனுக்கு இதுவும் வரும் என்று பகிடி விட்டேன். ஒரு நாளும் படிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் டின்னுக்கு முதல் அரிசி போட்டது அவள்தான். அவள் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகுதான் அது என் வேலையானது.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் இத்தனை பக்கம் உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். உம்மா மௌத்தான அன்று உனக்குப் பன்னிரண்டு வயது, நீ குருநாகலில் விடுதியில் இருந்தாய். மழை, பாதை வெள்ளம். நீ வந்து சேர்ந்தபோது நாங்கள் அவளை மையவாடியில் அடக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பாதை முழுக்கத் தண்ணீர், பிள்ளை எப்போது வருவானோ தெரியாது என்று ஊரார் சொன்னார்கள், நான் தலையாட்டினேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ சிலாபம் தாண்டிவிட்டாய் என்று செய்தி வந்தது உனக்குத் தெரியாது. அது என் காதுக்கு வந்தது. இன்னும் இரண்டு மணித்தியாலம் பொறுங்கள் என்று நான் ஒருவன் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார்கள். சொல்லவில்லை. அழுகிற உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் காரணம். மூடிய பிறகு வந்தால் சீக்கிரம் அடங்கிவிடுவாய் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நீ கேட்டது, உம்மாவின் ஒரு படம். இல்லை என்றேன். டின் நாலடி தூரத்தில் இருந்தது.

அதன் பிறகு நீ அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக்கொண்டு வந்தாய். அதில் உன் உம்மா, கிராம சேவகர் அதட்டிவிட்ட மாதிரி இருக்கிறாள். அந்தப் படத்தைத்தான் கட்டாரிலும் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறாய் என்று ராத்தா சொன்னாள். இந்த வீட்டில் இருந்தபோதே அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் ஒரு நாள் டின்னைத் திறந்து சுருளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புத்தளத்துக்குப் பஸ் ஏறினேன். ஸ்டூடியோவில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வாலிபன், மயிருக்கு எண்ணெய் வைத்து, சீப்பைப் பையில் குத்தி, அண்ணன் முறை வைத்து, என்ன வேணும் நானா என்று கையை நீட்டினான். அந்தக் கையைப் பார்த்தேன். இந்தக் கைதான் அவள் முடியை முதலில் பார்க்கப் போகிறது என்று நினைத்தேன். பாஸ்போட் படம் எடுக்கணும் என்று சொல்லிவிட்டேன். வாப்பா ஏன் ஒரு நாட்டுக்கும் போகாமல் ஆறு பாஸ்போட் படம் வைத்திருக்கிறார், ஏன் எல்லாவற்றிலும் பேயறைந்த மாதிரி இருக்கிறார் என்று நீயும் ராத்தாவும் கேட்டுக் கேட்டுச் சிரிப்பீர்களே, அதுதான் கதை.

போன மாதம் நீ அனுப்பிய வாய்ஸில் குளியலறையை இருட்டாக்கி, மருந்துப் போத்தல்களை வெந்நீரில் நிற்க வைத்து, நீயே ஃபிலிம் கழுவப் படித்துவிட்டதாகச் சொன்னாய். கடைக்குக் கொடுப்பதில்லை, எல்லாம் என் கையாலேயே என்றாய். ராத்தாவிடம் அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். உன் உம்மா என்னிடம் கேட்டது அதைத்தான். நான் படிக்காததை நீ படித்துவிட்டாய், அதுவும் கோப்பிக் கோப்பையைக் கழுவுவதற்காக. எனக்கு வந்த ஆத்திரத்தை ராத்தா எழுத மாட்டேன் என்கிறாள்.

ஆனால் உன்னை நம்பலாமா? அதுதான் எனக்கு இன்னும் தெரியாதது. கழுவிய எதையும் நீ சும்மா வைப்பதில்லை. உலர்வதற்குள் பேஸ்புக்கிலோ இன்ஸ்டாவிலோ போட்டுவிடுகிறாய். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் உன் சப்பாத்துக்கு இதயம் போடுகிறார்கள். இருபத்தைந்து வருடத்துச் சுருள், இறந்த உம்மா, நடுக் களப்பு என்று எழுதிப் போட்டால் எத்தனை ஆயிரம் பேர் அழுவார்கள் என்று உனக்கு இப்போதே கை பரபரக்கும். எனக்கு அந்தப் பயம்தான் கண்ணைவிடப் பெரிது. ஒரு ஸ்டூடியோக்காரனுக்குக் காட்டாமல் நான் காப்பாற்றியதை உலகம் முழுவதற்கும் நீ காட்டிவிட்டால், அதைவிட அது களப்புக்குப் போகட்டும். இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டு, எனக்குக் குறையில்லை. கதைக்கு உன் உம்மா தடை போடவில்லை. படத்துக்குத்தான் போட்டாள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது: லீவு போட்டுவிட்டு வா. நோன்புக்கு முன் வா. உன் மருந்துப் போத்தல்களை அங்கேயே விட்டுவிடாதே, அவற்றைக் கொழும்பில் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது. கமராவைக் கொண்டு வராதே. அந்தச் சத்தம் இந்த வீட்டில் இனி வேண்டாம். குளியலறை ஜன்னலுக்குப் போட்டை மூடுகிற பழைய படங்குத் துணியை ஆணியடித்துவிட்டேன், கதவின் கீழே சாக்கு வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக ராத்தா வீட்டார் குப்பி விளக்கோடு குளிக்கிறார்கள், மருமகன் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறார். வந்ததும் உன் கைபேசியை என்னிடம் தா, நான் அதை அரிசியில் புதைத்து வைக்கிறேன். படங்களை மூன்று பேர் பார்ப்போம். நீ, ராத்தா, மிச்சமிருக்கிற என் அரைக் கண். பிறகு அவை டின்னுக்குள் போகும். முடியாது என்றால் வெளிப்படையாகச் சொல், நான் போட்டை எடுக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பயம். புதிதாக இந்தக் கமரா பிடிக்கிறவர்கள் விரலை லென்ஸுக்கு முன்னால் வைத்துவிடுவார்கள், கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை வேறு என்பதால் எடுக்கும்போது அது தெரியாது என்று நீ ஒரு வாய்ஸில் சொல்லிச் சிரித்தாய். அன்று என் விரல் எங்கே இருந்தது என்று இரவும் பகலும் யோசிக்கிறேன். என் விரலின் பருமன் உனக்குத் தெரியும். கழுவிப் பார்க்கும்போது முப்பத்தாறு படத்திலும் அதுதான் வந்திருந்தால் என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லாதே, இந்த வீட்டில் அது போதுமான அளவு சொல்லியாகிவிட்டது. விரல் என்றே சொல். அந்த விரலுக்குப் பின்னால் அவள் முடி அவிழ்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் உனக்குச் சொல்கிறேன். சாக்கின் மேல் நீ தூங்குகிறாய்.

டின்னில் புது அரிசி போட்டிருக்கிறேன். வா.

வாப்பா